எத்தனை கார்பன், என்ன வடிவம், எந்தப் பிணைப்பு: அன்றாட வாழ்வின் ஹைட்ரோகார்பன்கள்

சென்னைக்கு வடக்கே மணலியில் 1969ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குள் செல்லும் முதன்மையான மூலப்பொருள் ஒன்றுதான்: கறுத்துத் தடித்த கச்சா எண்ணெய். அங்கிருந்து வெளியே வருபவையோ சமையல் எரிவாயு, பெட்ரோல், விமான எரிபொருள், மண்ணெண்ணெய், டீசல், மெழுகு, சாலைக்கான தார் என்று, ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை போலத் தோன்றும் பொருள்கள். ஆனால் இவை அனைத்தின் பெரும்பகுதி கார்பன், ஹைட்ரஜன் என்ற இரண்டே தனிமங்களால் ஆனது. இந்த இரண்டு மட்டுமே சேர்ந்து உருவாகும் சேர்மங்களைத்தான் ஹைட்ரோகார்பன்கள் என்கிறோம்.

பள்ளியில் இந்தப் பாடம் பெரும்பாலும் பெயர்ப்பட்டியலாகவே மாணவரிடம் சென்று சேர்கிறது. மீத்தேன், ஈத்தேன், புரப்பேன், பியூட்டேன் என்று மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். இது பெரிய இழப்பு என்றே நான் கருதுகிறேன். ஏனெனில், ஒரு மூலக்கூறில் எத்தனை கார்பன் அணுக்கள் உள்ளன, அவை என்ன வடிவில் அடுக்கப்பட்டுள்ளன, அவற்றுக்கிடையே எந்த வகைப் பிணைப்பு இருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தால், அந்தப் பொருள் அடுப்பில் எரியுமா, சாலையில் ஒட்டுமா, பழத்தைப் பழுக்க வைக்குமா, உடலுக்குக் கேடு செய்யுமா என்பதைப் பெருமளவுக்கு ஊகித்துவிட முடியும். கரிம வேதியியலின் அடிப்படை அழகும் இதுதான்.

கார்பன் அணுவின் வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள் உள்ளன. ஆகவே அது நான்கு பிணைப்புகளை உருவாக்கும். ஹைட்ரஜன் ஒன்றே ஒன்றை உருவாக்கும். ஒரு கார்பன் நான்கு ஹைட்ரஜன்களைப் பற்றிக்கொண்டால் மீத்தேன். இரண்டு கார்பன்கள் தமக்குள் ஒரு பிணைப்பை வைத்துக்கொண்டு மிச்சமுள்ள ஆறு இடங்களில் ஹைட்ரஜனை ஏற்றால் ஈத்தேன். மூன்று கார்பன்களுக்கு எட்டு ஹைட்ரஜன்கள் கொண்டது புரப்பேன். நான்குக்குப் பத்து கொண்டது பியூட்டேன். கார்பன்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கி இரண்டைக் கூட்டினால் ஹைட்ரஜன்களின் எண்ணிக்கை வந்துவிடும். கார்பன்களுக்கிடையே ஒற்றைப் பிணைப்புகள் மட்டுமே கொண்ட இந்தக் குடும்பத்துக்கு ஆல்கேன்கள் என்று பெயர். தனிம அட்டவணையில் கார்பனுக்கு நேர் கீழே இருக்கும் சிலிக்கானும் நான்கு பிணைப்புகளை உருவாக்கும் தனிமம்தான். ஆனால் அது ஹைட்ரஜனோடு சேர்ந்து உருவாக்கும் சிலேன் வாயு காற்றில் பட்டதுமே தீப்பற்றிக்கொள்ளும். கார்பனோ தன் இனத்து அணுக்களுடன் உறுதியாகக் கோத்துக்கொண்டு, பல்லாயிரம் அணுக்கள் நீளும் சங்கிலியைக்கூட அறை வெப்பநிலையில் அசையாமல் வைத்திருக்கும்.

நான்கு கார்பன்கள் வந்ததும் இன்னொரு வாய்ப்பு திறக்கிறது. அவற்றை ஒரே வரிசையிலும் அடுக்கலாம். மூன்றை வரிசையில் வைத்து நான்காவதை நடுவில் கிளையாகவும் விடலாம். அணுக்களின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் பொருள்கள் வேறு. வரிசையாக அடுக்கிய பியூட்டேன் பூச்சியத்துக்கு அரை டிகிரி செல்சியஸ் கீழே கொதிக்கும். கிளைவிட்ட ஐசோபியூட்டேன் ஏறத்தாழ 12 டிகிரி கீழேயே கொதித்துவிடும். இப்படி ஒரே வாய்பாடும் வேறு வேறு அமைப்பும் கொண்டவை மாற்றியங்கள் எனப்படும். ஐந்து கார்பன் கொண்ட ஆல்கேனுக்கு 3 அமைப்பு மாற்றியங்கள் உண்டு, எட்டுக்கு 18, பத்துக்கு 75, இருபது கார்பன்களை எட்டும்போது காகிதத்தில் வரையக்கூடிய அமைப்புகளின் எண்ணிக்கை 3,66,319 ஆகிவிடுகிறது.

ஹைட்ரோகார்பன் மூலக்கூறுகளில் மின்னேற்றம் ஏறத்தாழ சமமாகப் பரவியிருக்கிறது. நீர் மூலக்கூறுகளைப் போல ஒன்றையொன்று வலுவாக ஈர்க்கும் முனைகள் இவற்றுக்குக் கிடையாது. அதனால்தான் பெட்ரோலும் மண்ணெண்ணெயும் நீரில் கரையாமல், அதைவிட அடர்த்தி குறைந்தவையாக மேலே மிதக்கின்றன. எண்ணெய் பற்றி எரியும்போது தண்ணீரை ஊற்றினால் தீ அணையாமல் பரவுவதற்கும் இதுவே காரணம். அங்கே தேவைப்படுவது மணலும் நுரையும்தான். மூலக்கூறுகளுக்கிடையே இருப்பது மிகவும் மெல்லிய ஈர்ப்பு விசை மட்டுமே. சங்கிலி நீள நீள ஒன்றோடொன்று உரசும் பரப்பும் கூடுவதால், அந்த மெல்லிய விசையும் சேர்ந்துசேர்ந்து கணிசமாகிவிடுகிறது. மீத்தேன் பூச்சியத்துக்குக் கீழே 161 டிகிரியில் கொதிக்கிறது. புரப்பேன் கீழே 42இல். ஐந்து கார்பன் கொண்ட பென்டேன் பூச்சியத்துக்கு மேலே 36இல். எட்டு கார்பன் ஆக்டேன் 126இல். பத்து கார்பன் டெக்கேன் 174இல்.

சுத்திகரிப்பு ஆலையின் உயர்ந்த கோபுரம் செய்வது இந்த ஏறுவரிசையைப் பயன்படுத்திக்கொள்வதைத்தான். கச்சா எண்ணெயை ஏறக்குறைய 350 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் கோபுரத்தின் அடிப்பகுதியில் செலுத்துவார்கள். ஆவி மேலே ஏறும், ஏறும்போது குளிரும், எந்தச் சேர்மம் எந்த வெப்பநிலையில் திரவமாகுமோ அந்த உயரத்துத் தட்டில் அது தங்கிவிடும். நான்கு கார்பன் வரையிலானவை உச்சியில் வாயுவாகவே வெளியேறும். ஏறத்தாழ ஐந்து முதல் பன்னிரண்டு கார்பன் வரை பெட்ரோலின் எல்லை. அதற்குக் கீழே மண்ணெண்ணெயும், அதனோடு நெருங்கிய உறவுடைய விமான எரிபொருளும். இன்னும் கீழே டீசல். அடியில் தங்கும் தடித்த எச்சத்தை மேலும் சூடாக்கினால் மூலக்கூறுகள் உடைந்து சிதையும். ஆகவே அதை வெற்றிடத்துக்கு நெருங்கிய குறைந்த அழுத்தத்தில் மறுபடி வடித்து, உயவு எண்ணெயையும் மெழுகையும் எடுத்த பிறகு மிஞ்சுவதே தார். இப்படிக் கொதிநிலையின்படி பிரித்தெடுப்பதைப் பின்னக்காய்ச்சி வடித்தல் என்பார்கள். பெட்ரோலின் தேவை இயற்கையில் கிடைக்கும் அளவைவிட அதிகம் என்பதால், நீண்ட சங்கிலிகளை வினையூக்கிகளின் உதவியால் வேண்டுமென்றே உடைத்துக் குட்டையாக்கும் பிரிவுகளும் இன்றைய ஆலைகளில் உண்டு.

சமையலறையில் இருக்கும் 14.2 கிலோ சிலிண்டரைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அதற்குள் புரப்பேனும் பியூட்டேனும் கலந்து, அழுத்தத்தால் திரவமாக்கப்பட்டுக் கிடக்கின்றன. திரவத்துக்கு மேலே கொஞ்சம் காலி இடம் விட்டே நிரப்புவார்கள். வெயிலில் திரவம் விரிவடைய இடம் வேண்டும். அடுப்பைத் திறந்தால் மேலே உள்ள ஆவி வெளியேறுகிறது, உடனே கீழுள்ள திரவத்தில் ஒரு பகுதி ஆவியாகி அந்த இடத்தை நிரப்புகிறது. ஆவியாவதற்குத் தேவையான வெப்பத்தைத் திரவம் தன்னிடமிருந்தும் சிலிண்டரின் உலோகத்திடமிருந்தும் எடுத்துக்கொள்வதால்தான், பெரிய அடுப்பில் நெடுநேரம் சமைக்கும் விருந்து நாள்களில் சிலிண்டரின் அடிப்பக்கம் சில்லென்று வியர்த்துப்போகிறது. உதகை, கொடைக்கானல் போன்ற ஊர்களின் உறைபனிக் காலைகளில் தீ மந்தமாக எரிவதற்கும் விளக்கம் இங்கேதான். பூச்சியத்தை நெருங்கும் குளிரில் பியூட்டேன் ஆவியாக மறுக்கிறது. புரப்பேன் மட்டுமே எளிதாக வெளிவருகிறது.

புரப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் இயல்பில் மணம் இல்லை. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காக, கந்தகம் கொண்ட எத்தில் மெர்காப்டனை மிகச் சிறிய அளவில் கலக்கிறார்கள். நாம் கேஸ் வாடை என்று சொல்வது அந்த மெர்காப்டனின் வாடைதான். இன்னொரு செய்தியை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவைக்க வேண்டும். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே எழாமல் தரையோடு தரையாகப் படிந்து, பள்ளமான இடங்களில் தேங்கும். காற்றில் ஏறத்தாழ 2 முதல் 9 விழுக்காடு கலந்திருக்கும்போது ஒரு தீப்பொறி போதும், வெடித்துவிடும். வாடை வந்தால் சுவிட்சைத் தொடக் கூடாது, மின்விசிறியைப் போடக் கூடாது, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு ரெகுலேட்டரை மூட வேண்டும் என்ற அறிவுரைகளுக்கெல்லாம் அடிப்படை இந்த இரண்டு பண்புகள்தான். பேருந்துகளிலும் ஆட்டோக்களிலும் பயன்படும் சி.என்.ஜி. என்ற அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன் என்பதால் காற்றைவிட இலேசானது. திறந்தவெளியில் கசிந்தால் விரைவாக மேலே ஏறிக் கலைந்துவிடும்.

எரிதலின் கணக்கும் பார்க்கத் தக்கது. புரப்பேன் மூலக்கூறு ஒன்று ஐந்து ஆக்சிஜன் மூலக்கூறுகளோடு வினைபுரிந்து, மூன்று கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளையும் நான்கு நீர் மூலக்கூறுகளையும் தருகிறது. எடையில் சொன்னால், 44 கிராம் புரப்பேன் 160 கிராம் ஆக்சிஜனைக் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டு, 132 கிராம் கார்பன் டை ஆக்சைடையும் 72 கிராம் நீரையும் உண்டாக்கும். பியூட்டேனுக்கும் விகிதம் ஏறத்தாழ இதுவே. அப்படியானால் ஒரு வீட்டுச் சிலிண்டர் தீரும்போது 42 கிலோவுக்கும் மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடும், 20 லிட்டருக்கும் அதிகமான நீர் ஆவி வடிவிலும் அந்தச் சமையலறையிலிருந்து வெளியேறியிருக்கும். உள்ளே இருந்தது பதினான்கு கிலோதான் என்றாலும், எரிதலில் பங்கேற்கும் ஆக்சிஜனின் எடையும் விளைபொருளில் சேர்ந்துவிடுகிறது. காற்று போதுமான அளவு கலந்தால் தீ நீலமாக இருக்கும். பர்னரின் துளைகள் அடைத்துக்கொண்டு காற்றுக் குறைந்தால், எரியாத கார்பன் நுண்துகள்கள் சூட்டில் ஒளிர்ந்து தீயை மஞ்சளாக்கும். அவையே பாத்திரத்தின் அடியில் கரியாகப் படியும். மஞ்சள் தீ கார்பன் மோனாக்சைடு உருவாகிறது என்பதற்கும் அறிகுறி. காற்றோட்டம் இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் வைப்பது உயிருக்கே ஆபத்தாவது இதனால்தான்.

பெட்ரோலுக்கு வரும்போது, முதலில் கேட்ட மூன்று கேள்விகளில் வடிவம் என்பது முன்னுக்கு வருகிறது. பெட்ரோல் இன்ஜினில் காற்றும் எரிபொருளும் கலந்து அழுத்தப்பட்டு, பிளக்கின் தீப்பொறி வந்த பிறகே எரிய வேண்டும். நேர்ச் சங்கிலி மூலக்கூறுகள் அந்த அழுத்தத்தின் சூட்டிலேயே பொறுமையிழந்து தானாகப் பற்றிக்கொள்ளும். அப்போது இன்ஜினில் தட்டும் ஓசை கேட்கும், நாளடைவில் பிஸ்டன் கெடும். கிளைகள் மிகுந்த மூலக்கூறுகள் தாங்கி நிற்கும். 1920களில் கிரஹாம் எட்கர் என்ற வேதியியலாளர் இதை அளக்க ஓர் அளவுகோலை வகுத்தார். ஏழு கார்பன் நேர்ச் சங்கிலியான ஹெப்டேனுக்கு 0. எட்டு கார்பன்கள் கொண்டு மூன்று கிளைகள் விட்ட ஐசோஆக்டேனுக்கு 100. இதுவே ஆக்டேன் எண். அதே எட்டு கார்பன்களை ஒரே வரிசையில் அடுக்கிய சாதாரண ஆக்டேனின் மதிப்பு பூச்சியத்துக்கும் கீழே போய்விடுகிறது. பதினெட்டு மாற்றியங்களில் எது என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்த எண்ணை மலிவாக உயர்த்த, 1921இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ராஎத்தில் ஈயம் என்ற சேர்மம் உதவும் என்று கண்டறிந்தார். அடுத்த பல பத்தாண்டுகள் உலகின் சாலைகளெங்கும் ஈயம் புகையோடு காற்றில் கலந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு அது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. இருபதாம் நூற்றாண்டின் தொழில்நுட்பத் தவறுகளில் இதை மிகப் பெரியவற்றுள் ஒன்றாகவே நான் பார்க்கிறேன். நஞ்சு என்பது தொடக்கத்திலேயே தெரிந்திருந்தும் நடந்தது என்பதே மனத்தை உறுத்துகிறது. மூலக்கூறின் வடிவத்தை ஆலையிலேயே மாற்றி, கிளைவிட்டவற்றையும் வளைய வடிவினவற்றையும் அதிகமாக்குவது இன்றைய முறை.

டீசலுக்குத் தேவை நேர் எதிரானது. அங்கே பிளக் கிடையாது. அழுத்தத்தால் 500 டிகிரிக்கு மேல் சூடேறிய காற்றில் எரிபொருளைத் தெளித்தவுடன் அது தானாகப் பற்ற வேண்டும். ஆகவே பெட்ரோலில் ஆகாத நீண்ட நேர்ச் சங்கிலிகள் இங்கே விரும்பத்தக்கவை. பதினாறு கார்பன் கொண்ட ஹெக்சாடெக்கேன்தான் டீசல் அளவுகோலில் 100. பெட்ரோல் பங்கில் பெட்ரோலையும் டீசலையும் மாற்றிப் போட்டுவிட்டால் வண்டி படுத்துவிடுவது இதனால்தான்.

கிருஷ்ணாயில் என்று நம் மக்கள் வாயில் வழங்கிய மண்ணெண்ணெய் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பெட்ரோலின் ஆவி பூச்சியத்துக்குக் கீழே 40 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்குத் திரண்டுவிடும்; மண்ணெண்ணெய்க்கு 35 டிகிரியாவது வேண்டும். வீட்டு விளக்கிலும் ஸ்டவ்விலும் அதை நம்பிப் பயன்படுத்த முடிந்தது இந்த இடைவெளியால்தான். மண்ணெண்ணெயில் பெட்ரோல் சிறிதளவு கலந்தாலும் ஸ்டவ் வெடிகுண்டாகிவிடும். இருபது கார்பனைத் தாண்டினால் அறை வெப்பநிலையில் திடப்பொருள்: அதுவே பாரஃபின் மெழுகு. மெழுகுவர்த்திக்கு மட்டுமல்லாமல், சிவகாசி, கோவில்பட்டி வட்டாரத் தீப்பெட்டித் தொழிலுக்கும் அது இன்றியமையாதது. மருந்து வைப்பதற்கு முன் குச்சியின் முனையை உருகிய மெழுகில் தோய்த்தெடுப்பார்கள். தலையில் எழும் நொடிநேரத் தீயை மரக்குச்சிக்குக் கடத்துவது அந்த மெழுகுதான்.

இதுவரை பார்த்தவை ஒற்றைப் பிணைப்புகளின் உலகம். இரண்டு கார்பன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பு வந்தால் ஹைட்ரஜன்கள் குறையும், வினைபுரியும் ஆர்வம் கூடும். இக்குடும்பத்தின் முதல் உறுப்பினர் எத்திலீன்: இரண்டு கார்பன், நான்கு ஹைட்ரஜன். ஆய்வகத்தில் புரோமின் நீரின் செந்நிறத்தை நிறமற்றதாக்கிக் காட்டுவது, இரட்டைப் பிணைப்பு திறந்துகொண்டு புரோமினை ஏற்பதால் நிகழ்வது.

எத்திலீன் செடிகளின் உடலிலேயே சுரக்கும் ஹார்மோனும் ஆகும். 1901இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் டிமிட்ரி நெல்யுபோவ், ஆய்வகத்தில் வளர்த்த பட்டாணி நாற்றுகள் கோணலாக வளர்வதற்கு விளக்கு வாயுவில் இருந்த எத்திலீனே காரணம் என்று கண்டார். பழங்கள் தாமே எத்திலீனை வெளியிடுகின்றன என்பது 1934இல் உறுதியானது. ஒரு பழம் பழுக்கத் தொடங்கினால் பக்கத்திலுள்ளவற்றையும் பழுக்க வைப்பது அந்த வாயு பரவுவதால்தான். நம் ஊரில் மாங்காயை வைக்கோலில் புதைத்து வைப்பது அந்த வாயுவைச் சிதறவிடாமல் காக்கிறது. வாழைத்தாரை மூடிய அறையில் வைத்துப் புகைமூட்டம் போடுவதில் அரைகுறையாக எரியும் பொருள்களின் புகையிலுள்ள எத்திலீனும் சேர்ந்துகொள்கிறது. இப்போது பெரிய வணிகர்கள் குளிர்பதன அறைகளில் எத்திலீன் வாயுவையே அளந்து செலுத்துகிறார்கள். பத்து லட்சத்தில் 100 பங்கு வரை இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் அனுமதிக்கின்றன.

சந்தைகளில் அதிகாரிகள் டன் கணக்கில் பழங்களைப் பறிமுதல் செய்வதாக மாம்பழக் காலம்தோறும் செய்தி வருவது வேறொரு முறைக்காக. அங்கே பயன்படுவது கால்சியம் கார்பைடு கல். அது காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அசிட்டிலீன் வாயுவைத் தரும். அசிட்டிலீனில் இரண்டு கார்பன்களுக்கிடையே முப்பிணைப்பு; ஹைட்ரஜன்கள் இரண்டே. அமைப்பில் எத்திலீனுக்கு நெருங்கியது என்பதால் பழத்தை ஓரளவுக்கு ஏமாற்றிப் பழுக்கச் செய்கிறது. தோல் மஞ்சளாகும், உள்ளே சதை புளிப்பாகவே நிற்கும். தொழிற்சாலைக்கென்று செய்யப்படும் கார்பைடில் ஆர்சனிக்கும் பாஸ்பரசும் மாசுகளாக இருப்பதே இதன் உண்மையான கேடு. ஈரம் பட்டால் அவை ஆர்சின், பாஸ்பீன் என்ற நச்சு வாயுக்களாகின்றன. அந்த மூட்டையருகே வரும் பூண்டு போன்ற வாடை அசிட்டிலீனுடையதன்று, இந்த மாசுகளுடையது. பழத்துக்குக் கார்பைடு பயன்படுத்துவது நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டதே. ஆயினும் கல்லின் மலிவும் எத்திலீன் அறையின் செலவும் சிறு வணிகரை எந்தப் பக்கம் தள்ளும் என்பது வெளிப்படை. சிறிய சந்தைகளுக்கும் பொதுவான எத்திலீன் அறைகளைக் கட்டித்தராமல் சோதனைகளை மட்டும் நடத்துவதில் பயன் குறைவு என்பது என் உறுதியான கருத்து.

அசிட்டிலீனுக்கு உரிய இடம் வெல்டிங் பட்டறை. ஆக்சிஜனோடு எரியும்போது அதன் தீ 3000 டிகிரியைத் தாண்டி இரும்பை உருக்கும். ஆனால் அழுத்தி அடைத்தால் காற்று இல்லாமலே சிதைந்து வெடிக்கக்கூடிய வாயு அது. ஆகவே சிலிண்டருக்குள் நுண்துளைகள் நிறைந்த திடப்பொருளை நிரப்பி, அதில் அசிட்டோனை ஊறவைத்து, அந்த அசிட்டோனில் வாயுவைக் கரைத்து வைக்கிறார்கள். அந்தச் சிலிண்டரைப் படுக்க வைத்துப் பயன்படுத்தக் கூடாது என்று பட்டறைக்காரர் வற்புறுத்துவது, அசிட்டோன் திரவமும் வாயுவோடு சேர்ந்து குழாயில் வந்துவிடும் என்பதால்.

எத்திலீனுக்கு இன்னொரு மாபெரும் வாழ்க்கை உண்டு. 1933இல் இங்கிலாந்தின் வின்னிங்டனில் எரிக் ஃபாசெட், ரெஜினால்டு கிப்சன் என்ற இருவர் எத்திலீனைக் கடும் அழுத்தத்தில் பென்சால்டிஹைடுடன் வினைபுரிய வைக்க முயன்றபோது, கலத்தில் மெழுகு போன்ற வெண்மையான பொருள் படிந்திருந்தது. எத்திலீன் மூலக்கூறுகள் தம் இரட்டைப் பிணைப்பைத் திறந்து ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட பாலித்தீன் அது. அழுத்தமுறையில் உருவாகும் சங்கிலிகள் கிளைவிட்டவை, நெருக்கமாக அடுக்கிக்கொள்ளமாட்டா, பால் பாக்கெட்டின் மென்மையான தாள் அத்தகையது. 1953இல் ஜெர்மனியில் கார்ல் சீக்லர் கண்ட வினையூக்கி, கிளையில்லாத நேர்ச் சங்கிலிகளைத் தந்தது. அவை விறகுக் கட்டைப் போல நெருங்கி அடுக்கிக்கொள்வதால், எண்ணெய் கேனும் தண்ணீர்க் குழாயும் செய்யும் அளவுக்கு விறைப்பானவை. மூன்று கார்பன் கொண்ட புரப்பிலீனை இதுபோலக் கோத்தால் அரிசிச் சாக்காகவும் கயிறாகவும் ஆகும் பாலிப்ரொப்பிலீன் கிடைக்கிறது. கோத்த பிறகு இரட்டைப் பிணைப்பே இருக்காது. கையில் இருப்பது மிக நீண்ட ஓர் ஆல்கேன். நீர் கரைக்காது, பெரும்பாலான நுண்ணுயிர்களால் கடிக்க முடியாது. பாலித்தீனின் பயனும் அது குப்பையில் மக்காமல் கிடக்கும் கேடும் ஒரே பண்பின் இரு பக்கங்கள்.

இந்தப் பண்பை நல்வழியில் திருப்பியவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ரா. வாசுதேவன். சூடேற்றிய ஜல்லியின்மேல் துண்டு துண்டாக வெட்டிய பாலித்தீன் கழிவைத் தூவினால், அது உருகி ஒவ்வொரு கல்லின்மீதும் மெல்லிய படலமாகப் படியும். அதன்மேல் தாரைக் கலந்தால் பிடிப்பு இறுகும், மழைநீர் இடையில் புகாது. தாரும் பாலித்தீனும் அடிப்படையில் ஒரே குடும்பம் என்பதால் அவை ஒன்றையொன்று ஏற்றுக்கொள்கின்றன. கல்லோ நீரை விரும்புவது. படலம் இல்லாத சாலையில் நீர் தாரைக் கல்லிலிருந்து பிரித்துவிடுவதால்தான் மழைக்காலம் முடிந்ததும் குழிகள் தோன்றுகின்றன. 2006இல் காப்புரிமை பெற்ற இந்த முறைக்காக அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

வளைய வடிவங்களில் முதன்மையானது பென்சீன். 1825இல் விளக்கு வாயுவின் எண்ணெய் எச்சத்திலிருந்து மைக்கேல் ஃபாரடே அதைப் பிரித்தெடுத்தார். ஆறு கார்பனுக்கு ஆறே ஹைட்ரஜன் எப்படிப் பொருந்தும் என்ற புதிருக்கு 1865இல் ஜெர்மன் வேதியியலாளர் கெக்குலே வளைய அமைப்பைச் சொன்னார். ஒற்றையும் இரட்டையும் மாறிமாறி வருவதாக வரைந்தாலும், உண்மையில் ஆறு பிணைப்புகளும் ஒரே நீளம். எலக்ட்ரான்கள் வளையம் முழுவதிலும் பரவியிருப்பதால் அது அசாதாரண உறுதி கொண்டது. சாயம், மருந்து, தெர்மாகோல் என்று பலவற்றுக்கும் தொடக்கப்பொருள் அது. அதே நேரம் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்பதும் ஐயமற நிறுவப்பட்டுள்ளது. இந்தியப் பெட்ரோலில் அதன் அளவு ஒரு விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இரண்டு வளையங்கள் ஒட்டியது நாப்தலீன், நம் பீரோக்களில் வைக்கும் அந்துருண்டை. உருகாமலே ஆவியாகித் தேயும் அந்த உருண்டையைக் கைக்குழந்தையின் துணிகளோடு வைக்கவே கூடாது. ஒரு குறிப்பிட்ட நொதிக் குறைபாட்டுடன் பிறந்த குழந்தைகளுக்கு அதன் ஆவி சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். அதன் பக்கத்தில் நினைவுக்கு வரும் கற்பூரம் ஹைட்ரோகார்பன் அன்று; அதில் ஓர் ஆக்சிஜன் உண்டு. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் போன்ற சமையல் எண்ணெய்களும் ஆக்சிஜன் கொண்டவையே.

ஹைட்ரோகார்பன் என்றாலே பூமிக்கடியிலிருந்து வருவது என்று எண்ணிவிடக் கூடாது. தக்காளியின் சிவப்பான லைக்கோபீன் 40 கார்பனும் 56 ஹைட்ரஜனும் மட்டுமே கொண்டது. தக்காளியை எண்ணெயில் வதக்கும்போது எண்ணெய் பிரிந்து செந்நிறமாக மேலே நிற்பதும், தக்காளிச் சோறு எடுத்துச் சென்ற பிளாஸ்டிக் டப்பா எவ்வளவு தேய்த்தாலும் வெளுக்காததும் லைக்கோபீன் நீரைவிட்டு எண்ணெயிலும் பாலிப்ரொப்பிலீனிலும் சேர்வதால் நிகழ்பவை. கேரட்டின் பீட்டா கரோட்டினுக்கும் அதே 40, அதே 56. அதன் இரு முனைகளும் வளையங்களாக மூடியிருப்பதால் உடல் அதிலிருந்து வைட்டமின் ஏ செய்துகொள்கிறது. முனைகள் திறந்திருக்கும் லைக்கோபீனிலிருந்து செய்ய முடிவதில்லை. கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களில் பால்வெட்டி எடுக்கும் இயற்கை ரப்பரும், பல் வேர்ச் சிகிச்சையில் குழியை அடைக்கும் கட்டாபெர்ச்சாவும் ஐந்து கார்பன் கொண்ட ஐசோபிரீன் அலகுகளின் சங்கிலிகளே. இரட்டைப் பிணைப்பைச் சுற்றிச் சங்கிலி ஒரே பக்கமாக வளைந்தால் இழுபடும் ரப்பர். எதிரெதிர்ப் பக்கமாக நீண்டால் விறைத்த கட்டாபெர்ச்சா. ஆரஞ்சுத் தோலைப் பலூனின் அருகே பிழிந்தால் பலூன் வெடிப்பது, தோலிலுள்ள லிமோனீன் என்ற ஹைட்ரோகார்பன் ரப்பரைக் கரைப்பதால்.

எல்லாவற்றிலும் எளிய மீத்தேன்தான் இன்று அதிகக் கவலைக்குரியது. 2017இல் நெடுவாசல் போராட்டத்தின்போது தமிழ்நாடு முழுவதும் பேசப்பட்ட ஹைட்ரோகார்பன் திட்டம் குறித்தது, காவிரிப் படுகையின் பாறைகளுக்கிடையே தங்கியுள்ள எண்ணெயையும் மீத்தேன் மிகுந்த இயற்கை எரிவாயுவையும்தான். அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே படுகையின் வாயு திருவாரூர் மாவட்டத்துக் கோவில்களப்பாலிலும் ராமநாதபுரம் மாவட்டத்து வழுதூரிலும் மின்சாரமாகி வந்திருக்கிறது. காவிரி டெல்டாவில் புதிய ஆய்வுகளையும் கிணறுகளையும் 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தடைசெய்தது.

மீத்தேன் எரிந்தால் கார்பன் டை ஆக்சைடாகிவிடும். எரியாமல் தப்பினால் அதைவிடக் கேடு. காற்றில் அது பத்தாண்டுக்குச் சற்று மேல்தான் தங்கும் என்றாலும், இருபது ஆண்டுக் கணக்கில் அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைப் போல 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். சாண எரிவாயுக் கலனில் பாதிக்கு மேல் இருப்பது மீத்தேன். அதை அடுப்பில் எரிப்பதால் எரிபொருளும் மிச்சம், கேடும் குறைவு. நீர் தேங்கிய நெல்வயலின் சேற்றிலும், ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் மட்கிய வேர்களையும் தாளடியையும் மீத்தேனாக்குகின்றன. நெற்பயிரின் தண்டிலுள்ள காற்றுக்குழல்கள் வழியாகவே அது பெரும்பாலும் வெளியேறுகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால், வயல் காயும் நாள்களில் மண்ணுக்குள் ஆக்சிஜன் நுழைந்து அந்த நுண்ணுயிர்களை அடக்கிவிடுவதால் மீத்தேன் வெளியேற்றம் கணிசமாகக் குறைகிறது, பாசன நீரும் மிச்சமாகிறது.